நொய்யல் ஆறு மாசு வழக்குகள்

நொய்யல் ஆறு மாசு வழக்குகள் என்பவை, திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவுநீரால் நொய்யல் ஆறும் அதன் பாசன நிலங்களும் கெட்டதை எதிர்த்து உழவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் நடத்திய வழக்குகள். 1990-களின் நடுவில் தொடங்கிய இவ்வழக்குகள், 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடும் ஆணையில் உச்சத்தை அடைந்தன. இந்தியாவில் ஒரு தொழில்நகரத்தின் சாயத் தொழில் முழுவதும் கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாற நேர்ந்தது இவ்வழக்குகளின் நேரடி விளைவாகும். ஆற்றைக் காக்க நீதிமன்றத்தால் என்ன முடியும், என்ன முடியாது என்பதற்கு நொய்யல் ஒரு முதன்மையான எடுத்துக்காட்டு.

ஆறும் அதன் கரைகளும்

நொய்யல், கோவைக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றுகிறது. பல சிற்றாறுகள் கூடுதுறையில் இணைந்து நொய்யல் ஆகின்றன. கோவை, திருப்பூர் நகரங்களைக் கடந்து, ஈரோடு மாவட்டப் பகுதிகள் வழியாகச் சென்று, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது. இதன் நீளம் ஏறக்குறைய 170 கி.மீ.

காஞ்சிமாநதி என்பது இதன் பழைய பெயர். பேரூர் பட்டீசுவரர் கோயில் இதன் கரையில் உள்ளது. இரும்புத் தொழிலுக்கும் மணிக்கல் தொழிலுக்கும் பெயர்பெற்ற தொல்லியல் களமான கொடுமணலும் இவ்வாற்றின் கரையில்தான் அமைந்துள்ளது. ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட தடுப்பணைகளிலிருந்து வாய்க்கால்கள் பிரிந்து கோவையைச் சுற்றியுள்ள குளங்களை நிரப்பின. மழைக்காலத்தில் பெருகி, கோடையில் வற்றும் ஆறு இது. ஆண்டின் பெரும்பகுதி இயல்பான நீரோட்டம் இல்லாததால், ஆற்றில் விடப்படும் கழிவு நீர்த்துப்போக வாய்ப்பில்லை. நொய்யலின் கேடு மிக வேகமாக முற்றியதற்கு இது ஒரு காரணம்.

பின்னலாடைத் தொழில்

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கியது. நெடுங்காலம் உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளைப் பனியன்களே அதன் முதன்மை உற்பத்தி. வெள்ளைத் துணிக்குச் சலவைப் பட்டறை போதும். 1980-களில் ஏற்றுமதி பெருகியபோது நிலைமை மாறியது. வெளிநாட்டு வணிகர்கள் பல நிறங்களில் ஆடை கேட்டனர். சாயப்பட்டறைகள் வேகமாகப் பெருகின. 1980-களின் தொடக்கத்தில் நூறுக்கும் குறைவாக இருந்த சலவை, சாயப்பட்டறைகள் 1990-களின் பிற்பகுதியில் எண்ணூறு என்னும் அளவை எட்டின. அவற்றில் பெரும்பாலானவை நொய்யலின் கரையிலும், அதில் கலக்கும் நல்லாறு, ஜம்மனை ஓடை ஆகியவற்றின் அருகிலும் அமைந்தன.

சட்டங்கள் அப்போதே இருந்தன. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லும், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-லும் இயற்றப்பட்டன. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைக்கப்பட்டது. ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளைத் தொடங்கக் கூடாது என்று 1989-இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. இருந்தும் திருப்பூரில் பட்டறைகளின் எண்ணிக்கை அதற்குப் பின்னரே மிகுதியாக உயர்ந்தது.

உப்பு என்னும் சிக்கல்

ஆற்றில் நிறம் ஓடுவதே பொதுமக்கள் கண்ணில் பட்ட மாசு. உழவர்களின் நிலத்தைக் கெடுத்தது நிறத்தைவிட உப்புதான். பருத்தித் துணிக்குச் சாயமேற்றும்போது, நீரில் கரைந்த சாயம் நூலிழையில் ஏறுவதற்காக மிகுந்த அளவில் உப்பு சேர்க்கப்படுகிறது. சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்பு துணியில் தங்குவதில்லை. முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. பிறகு துணியைப் பலமுறை அலச வேண்டும். ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கும் மேல் நீர் செலவான காலம் அது.

சுத்திகரிப்பின் தொடக்க முறைகள் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. 1990-களில் அமைக்கப்பட்ட பொது சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் இரும்பு உப்புகளும் சேர்த்துச் சாயத்தைக் கசடாகப் படியவைத்தனர். நிறம் குறைந்தது. கரைந்த உப்பு அப்படியே ஆற்றுக்குச் சென்றது. ஒரு லிட்டர் கழிவுநீரில் கரைந்த திடப்பொருள் 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. சாயப்பட்டறைக் கழிவில் அது பல மடங்கு கூடுதலாக இருந்தது. இவ்வாறு, சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்று கணக்குக் காட்டவும் முடிந்தது, ஆறு கெடவும் செய்தது. பிற்கால வழக்குகள் அனைத்தும் இந்த இடைவெளியைச் சுற்றியே நடந்தன.

ஒரத்துப்பாளையம் அணை

சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டு 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. மழைவெள்ளத்தைத் தேக்கி, ஈரோடு, கரூர் பகுதிகளில் உள்ள நிலங்களுக்குப் பாசனம் அளிப்பது அதன் நோக்கம். திருப்பூருக்குக் கீழே அமைந்த அந்த அணையில் சில ஆண்டுகளிலேயே வெள்ளநீரைவிடச் சாயக்கழிவே மிகுதியாகத் தேங்கியது. கழிவு நிலத்தடியில் இறங்கியதால் அணையைச் சுற்றியுள்ள ஊர்களின் கிணறுகள் உப்பாயின. கிணற்றில் நீர் இருந்தும் பயிருக்குப் பாய்ச்ச முடியவில்லை, குடிக்கவும் முடியவில்லை.

அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டபோது கீழே மீன்கள் இறந்தன, கால்நடைகள் பாதிக்கப்பட்டன. பாசனத்துக்காக அணையைக் கேட்ட உழவர்களே, அணையைத் திறக்க வேண்டாம் என்று கோரும் நிலை ஏற்பட்டது. அதே நேரத்தில் அணையை ஒட்டிய ஊர்களின் உழவர்கள், நீரைத் தேக்க வேண்டாம் என்றனர். தேக்கினால் மேலே உள்ள கிணறுகள் கெடும், திறந்தால் கீழே உள்ள வயல்கள் கெடும் என்பதே அணையின் நிலை.

வழக்குகளின் தொடக்கம்

கரூர் வட்டத்தின் நொய்யல் வாய்க்கால் பாசன உழவர் சங்கம் 1996-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று, பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும், தீங்கு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு கூறியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கணக்கிடத் தனி ஆணையம் அமைக்குமாறு மத்திய அரசுக்கும், சுற்றுச்சூழல் வழக்குகளுக்கெனத் தனி அமர்வு அமைக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் அது அறிவுறுத்தியது. பாலாற்றுக்காக உருவான இந்த ஏற்பாடுகள் நொய்யலுக்கும் பயன்பட்டன.

1998-இல் உயர் நீதிமன்றம், ஒவ்வொரு சாயப்பட்டறையும் சொந்தமாகச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்க வேண்டும் அல்லது பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. இரண்டும் இல்லாத பட்டறைகள் மூடப்பட்டன. எஞ்சியவை நிலையங்களில் இணைந்தன. அந்நிலையங்கள் உப்பை நீக்காததால் ஆற்றின் நிலை மாறவில்லை.

இழப்பீட்டு ஆணையம்

வேலூர் தீர்ப்பைத் தொடர்ந்து 1996 செப்டம்பரில் அமைக்கப்பட்ட சூழல் இழப்பீட்டு ஆணையம், ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையில் செயல்பட்டது. நொய்யல் படுகையின் ஊர்களில் மண், கிணற்றுநீர் ஆகியவற்றின் தன்மையை ஆராய்ந்து, 2004 டிசம்பரில் அது தன் முடிவை அறிவித்தது. சுமார் 28,600 உழவர்களுக்கு ஏறக்குறைய ரூ.24.8 கோடி இழப்பீடு வழங்க வேண்டும், அதைச் சாயப்பட்டறைகள் செலுத்த வேண்டும் என்பது அம்முடிவு.

மாசுக்கும் பயிர் இழப்புக்கும் உள்ள தொடர்பை ஓர் அரசு அமைப்பு ஏற்று, பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலை வெளியிட்டது என்ற வகையில் இது பெரிய முன்னேற்றம். தொகையைப் பகிர்ந்து பார்த்தால் சராசரியாக ஓர் உழவருக்கு ரூ.8,700-க்கும் குறைவாகவே வருகிறது. பல ஆண்டுகள் விளைச்சல் இழந்தவருக்கு அது ஈடாகவில்லை. உப்பேறிய நிலத்தை மீட்பதற்கான செலவு தனியே நின்றது.

2006 தீர்ப்பு

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003-இல் மற்றொரு வழக்குத் தொடுத்தது. இவ்வழக்கில் உயர் நீதிமன்றம் ஒரே தீர்ப்போடு நிற்காமல், அடுத்தடுத்து இடைக்கால ஆணைகளைப் பிறப்பித்துத் தொடர்ந்து கண்காணித்தது. நிபுணர்களும் கண்காணிப்புக் குழுவும் நேரில் ஆய்வு செய்து அறிக்கை அளித்தனர். தேங்கிய கழிவை வெளியேற்றி ஒரத்துப்பாளையம் அணையைத் தூய்மை செய்ய வேண்டும், அதன் செலவைச் சாயப்பட்டறைகள் ஏற்க வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது. அரசுத் துறை ஒன்று செய்ய வேண்டியதைச் செய்யாதபோது, வழக்கை முடிக்காமல் வைத்துக்கொண்டு படிப்படியாக அதைச் செய்யவைக்கும் இம்முறையைத் தொடர் கட்டளை என்பர். இந்திய நீதிமன்றங்கள் இதைப் பல பொதுநல வழக்குகளில் பயன்படுத்தியுள்ளன.

2006 டிசம்பர் 22 அன்று உயர் நீதிமன்றம் முதன்மைத் தீர்ப்பை வழங்கியது. அப்போது எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நாளொன்றுக்கு 8 கோடி லிட்டருக்கும் மேல் கழிவுநீரை வெளியேற்றி வந்தன. கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறாத நிலையை, அதாவது தொழில் வட்டாரத்தில் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ எனப்படும் முறையை, 2007 ஜூலை 31-க்குள் எட்ட வேண்டும் என்று தீர்ப்பு கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் செலுத்த வேண்டும். மார்ச் 31 வரை லிட்டருக்கு 6 பைசா, மே 31 வரை 8 பைசா, ஜூலை 31 வரை 10 பைசா என்று அது ஏறிக்கொண்டே சென்றது. கெடு முடிந்தும் எட்டாத பட்டறைகள் மூடப்பட வேண்டும்.

நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் கழிவு விடும் பட்டறைக்கு இது முதலில் நாளொன்றுக்கு ரூ.6,000, இறுதியில் ரூ.10,000 ஆகும். அதுவரை ஆற்றில் கழிவை விடுவது பட்டறைக்குச் செலவில்லாத வழியாக இருந்தது. அதன் விலையை உழவரே பயிரிலும் கிணற்றிலும் கொடுத்து வந்தார். அந்த விலையைப் பட்டறையின் கணக்கில் ஏற்றியதே இத்தீர்ப்பின் சிறப்பு.

உச்ச நீதிமன்றத்தில்

திருப்பூர் சாயப்பட்டறை உரிமையாளர் சங்கம் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. எதிர்ச் சவ்வூடு பரவல் இயந்திரங்களை நிறுவக் கோடிக்கணக்கில் செலவிட்டுள்ளோம், இன்னும் காலம் வேண்டும் என்பது அதன் வாதம். 2009 அக்டோபர் 6 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. மாசுபடுத்தியவர்களே ஆற்றைச் சீர்செய்யவும் உழவர்களுக்கு ஈடுசெய்யவும் பொறுப்பானவர்கள் என்பதை உறுதிசெய்து, மூன்று மாத அவகாசம் மட்டும் அளித்தது.

நடைமுறையில் தடையாக நின்றது தொழில்நுட்பம். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் கழிவுநீரின் பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பக் கிடைக்கும். மீதி, முன்னிலும் அடர்ந்த உப்புநீராக எஞ்சும். அதைக் கொதிகலன் ஆவியில் சூடேற்றி வற்றவைக்க வேண்டும். அதற்கு எரிபொருள் செலவு மிகுதி. ஆவியாக்கிகள் அடிக்கடி பழுதுபட்டன. கழிவைக் குழாய் வழியே கடலுக்குக் கொண்டு செல்லும் திட்டமும் பேசப்பட்டது, அது நிறைவேறவில்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் பாதியளவில் ஓடின. எஞ்சிய கழிவு ஆற்றுக்கே சென்றது.

2011 மூடல்

உத்தரவு நிறைவேறவில்லை என்று கூறி உழவர்கள் நீதிமன்ற அவமதிப்பு மனுவைத் தாக்கல் செய்தனர். 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி, மின் இணைப்பைத் துண்டிக்க ஆணையிட்டது. கழிவு வெளியேறாத நிலையை எட்டியதை மெய்ப்பித்த பின்னரே திறக்கலாம் என்பது நிபந்தனை.

அப்போது திருப்பூரின் ஏற்றுமதி ஆண்டுக்கு ரூ.10,000 கோடிக்கு மேல் இருந்தது. சாயமேற்றுவது நின்றால் அதற்கு முந்தைய பின்னலும் பிந்தைய தையலும் தடைபடும். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையிழந்தனர். பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் ஊர் திரும்பினர். துணி சாயத்துக்காக வேறு ஊர்களுக்கும் வட மாநிலங்களுக்கும் அனுப்பப்பட்டது. சில இடங்களில் அனுமதியற்ற பட்டறைகள் தோன்றின. அவற்றின் கழிவு அதுவரை மாசுபடாத ஓடைகளிலும் கிணறுகளிலும் சேர்ந்தது.

நொய்யல் வழக்கின் கடினமான பகுதி இதுவே. மாசுக்கான முடிவுகளை எடுத்தவர்கள் பட்டறை உரிமையாளர்களும், அதை அனுமதித்த அதிகாரிகளும். மூடலின் சுமை முதலில் விழுந்தது அன்றாடக் கூலித் தொழிலாளர்கள் மீது. மூடாமல் விட்டிருந்தால் அச்சுமை, பதினைந்து ஆண்டுகளாக விழுந்ததுபோல, கீழ்ப்படுகை உழவர்கள் மீதே தொடர்ந்திருக்கும்.

மீண்டும் இயக்கம்

2011-இல் பொறுப்பேற்ற தமிழக அரசு, பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ரூ.200 கோடி வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் புதிய முறை ஒன்று சோதிக்கப்பட்டது. அடர்ந்த உப்புநீர் முழுவதையும் வற்றவைக்காமல், அதைத் தெளியவைத்துச் சாயமேற்றவே மீண்டும் பயன்படுத்துவது அம்முறை. சாயமேற்ற உப்பு எப்படியும் தேவை என்பதால், கழிவாக இருந்தது மூலப்பொருளாயிற்று. ஆவியாக்கிகளின் சுமை குறைந்தது. சாதாரண உப்புக்கு மாற்றாகச் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தும் வழக்கமும் பரவியது. அதைப் பிரித்தெடுப்பது எளிது.

நிபுணர்களின் ஆய்வுக்கும் நீதிமன்றத்தின் அனுமதிக்கும் பின், நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. 18 பொது சுத்திகரிப்பு நிலையங்கள் இம்முறைக்கு மாறின. செலவைத் தாங்க முடியாத சிறு பட்டறைகள் பல மீண்டும் திறக்கவே இல்லை. நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தியதால் திருப்பூரின் புதுநீர்த் தேவை குறைந்தது. பின்னர் ‘கழிவற்ற சாயம்’ என்பது வெளிநாட்டு வணிகர்களிடம் திருப்பூர் முன்வைக்கும் சிறப்பாகவும் ஆனது.

மதிப்பீடு

நொய்யல் வழக்குகளின் முதன்மை வெற்றி, சட்டப் புத்தகத்தில் இருந்த விதியைப் பட்டறையின் வாசல்வரை கொண்டு சென்றது. அளக்கக்கூடிய இலக்கு, ஏறிச்செல்லும் அபராதம், இறுதியில் மின்துண்டிப்பு என்னும் மூன்றும் சேர்ந்தபோதே மாற்றம் நிகழ்ந்தது. அதற்கு முன் வந்த ஆணைகளில் இவற்றுள் ஏதேனும் ஒன்று குறைவாக இருந்தது. 1998-இல் இலக்கு, சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்வது என்பதாக இருந்தது. பட்டறைகள் சேர்ந்தன, உப்பு குறையவில்லை. 2006-இல் இலக்கு, கழிவு வெளியேறாமை என்று மாறியது. இம்முறை தப்ப வழி குறுகியது.

குறைகளும் தெளிவானவை. முதல் வழக்கிலிருந்து மூடல் ஆணைவரை சுமார் பதினைந்து ஆண்டுகள் ஆயின. தொழிலுக்கு அளிக்கப்பட்ட ஒவ்வொரு கால அவகாசமும் உழவருக்கு மேலும் சில போகங்களின் இழப்பாயிற்று. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கிய உப்பை எந்த ஆணையாலும் உடனே எடுக்க முடியவில்லை. நல்ல மழை பல ஆண்டுகள் கழுவினால்தான் அது குறையும். ஆவியாக்கிய பின் எஞ்சும் கலப்பு உப்பும் கசடும் நிலையங்களில் குவிந்து புதிய சிக்கலாயின.

நீதிமன்றத்தின் பார்வை வழக்கில் கேட்கப்பட்டதன் மீதே இருந்தது. வழக்கு சாயக்கழிவைப் பற்றியது. கோவை, திருப்பூர் நகரங்களின் வீட்டுச் சாக்கடையும் குப்பையும் நொய்யலில் கலப்பது அதன் எல்லைக்கு வெளியே நின்றது. சாயக்கழிவு குறைந்த பின்னும் அது தொடர்ந்தது. மழைக்காலத்தில் வெள்ளத்தோடு சாயக்கழிவைத் திறந்துவிடுவதாகவும் புகார்கள் எழுந்துகொண்டே இருந்தன.

ஒரத்துப்பாளையம் அணை, வழக்குகளுக்குப் பின் நீரைத் தேக்காமல் மதகுகளைத் திறந்துவைத்து, வரும் நீரை அப்படியே கீழே அனுப்பும் நிலையில் வைக்கப்பட்டது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டுப் பாசனத்துக்குப் பயன்படாமல் நின்ற அந்த அணை, நொய்யல் வழக்குகள் எதைத் தடுத்தன, எதைத் திருப்பித் தரமுடியவில்லை என்பதன் அடையாளமாக உள்ளது.